பத்தொன்பது வருஷப் பங்காளி

அந்த அரங்கத்தில் சவுண்டு பார்க்கிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கேயும் அது புழங்கவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வருவது "உஷ்" என்பதால் ஊருக்கே அவர் உஷ். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் தும்மினால் உஷ். திரை இழுக்கிற ஆள் கொட்டாவி விட்டால் உஷ். கல்யாணமான புதிதில், பெண்டாட்டியின் அண்ணன் சூப்பை உறிஞ்சிக் குடித்ததற்கே, முதல் விருந்தென்றும் பார்க்காமல், உஷ் போட்டவர். அந்த மச்சான் அதை இன்றுவரை மறக்கவில்லை. எந்த வீட்டில் கூடினாலும், "மாப்ள வந்தாச்சு, எல்லாரும் மூச்சை வாங்கிட்டு வெளிய போய் விட்டுட்டு வாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

தொழில் அப்படி, மனுஷனை என்ன சொல்ல? மைக்கில் உமி அளவு கரகரப்பு இருந்தாலும் அவருக்கு உடம்பு முழுக்க அரிக்கும். நல்ல சவுண்டு என்றால் அவர் அகராதியில் ஒரே அர்த்தம்தான்: தப்பு இல்லாதது. அவர் காது தப்பை மட்டும் பிடிக்கப் பழகிய காது.

அப்பேர்ப்பட்டவருக்கு அந்த அரங்கத்திலேயே ஒரு பங்காளி வாய்த்திருந்தான். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் அடித்தொண்டையில் ஒரு "ம்ம்ம்ம்" வரும். வந்தவர்கள் யாருக்கும் அது கேட்காது. கேட்டாலும் மின்விசிறி என்று நினைத்துக்கொள்வார்கள். உஷ்ஷுக்கு மட்டும் அது பத்தொன்பது வருஷமாகக் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. கேபிளை எல்லாம் மாற்றினார், போகவில்லை. எர்த் குழியைப் புதிதாகத் தோண்ட வைத்தார், போகவில்லை. பெரிய பெரிய இன்ஜினீயர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். காபிதான் தீர்ந்தது.

"சொத்துல பங்கு கேட்டு உள்ள வந்து உக்காந்துட்டான். பத்தொன்பது வருஷமா எழுந்திரிக்க மாட்டேங்கறான், பங்காளிப் பய" என்று வீட்டில் புலம்புவார். பெண்டாட்டி சிரிப்பாள்.

அவளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன தையல் கடை. ஜிப் மாற்றுவது, பேண்ட் அடி மடிப்பது, குண்டானவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடை ரேடியோ வாயை மூடிக்கொண்டது. நூலகத்துச் சுவரில் "பழைய ரேடியோ, புதிய ஓசை" என்று ஒரு வகுப்புக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ரிப்பேர் வகுப்பு என்று நினைத்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனாள். ரேடியோ கடைசிவரை பாடவில்லை. அதன் குடலை உருவி ஒரு மரப்பெட்டியில் வைத்து, நான்கு குமிழ்களை மாட்டி, திருகினால் "உய்ங்" என்று ஊளையிடும் ஒரு சாமானோடு திரும்பி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பார்க்காத வெளிச்சம்.

பிறகு பெட்டி இரண்டானது, மூன்றானது, நான்கானது. அந்த இசையில் பாட்டு கிடையாது, ராகம் கிடையாது, கைதட்டித் தாளம் போட இடம் கிடையாது. "மிக்ஸியில கரண்டி விழுந்துருச்சுன்னு நினைச்சேன், தங்கச்சி வாசிக்கறாளாம்!" என்று முதல் பெட்டி வந்த அன்றைக்கே அவள் அண்ணன் சொன்னார். பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வந்து அவர் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்.

உஷ் கேலி பண்ணவில்லை. அதைவிட மோசமான காரியம் ஒன்றைச் செய்தார். முதல் பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள், "பாவம், கரகரங்குது" என்று பிரித்து ரிப்பேர் பண்ணிவிட்டார். அவள் கடையிலிருந்து வந்து குமிழைத் திருகினாள். பள்ளிக்கூட மணி மாதிரி ஒழுங்காக, சுத்தமாக, ஒரே ஒரு "பீ". அந்தக் கரகரப்புக்காக அவள் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் சண்டை போடவில்லை, அழுதாள். மூன்று நாள் பேச்சில்லை. அதற்கப்புறம் அவள் வாசிப்பதெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு, குமிழ் திருகும் சின்ன 'டிக்' தவிர ஒன்றும் கேட்காது. அது அவருக்கு உள்ளூர வலித்தது. கேட்கவும் வாய் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், அரங்கத்து மேனேஜரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவளுக்கு மேடை கொடுத்தாள். இருபத்தைந்து நிமிஷம். முதல் முறையாக ஆட்கள் முன்னால். அதுவும் புருஷன் வேலை பார்க்கிற அரங்கத்தில்.

சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் வாசிக்கறதைக் கேளுங்க."

"கேக்காம? நான்தானே சவுண்டு?"

"அது இல்லங்க. ரிப்பேர் பண்ணாம கேளுங்க. எங்க இழுக்குது, எங்க இரையுதுன்னு தேடாம, சும்மா கேளுங்க. இருபத்தஞ்சு நிமிஷம். ஊர்ல யாருக்கும் பிடிக்கலன்னாலும் பரவாயில்ல. நீங்க ஒரு தடவை கேட்டாப் போதும்."

"சத்தியமா" என்றார். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை. மேடை நடுவில் ஒரு மேஜை. அதில் நான்கு பெட்டிகள், அவற்றுக்கு நடுவே கடையிலிருந்து தூக்கி வந்த மோட்டார் தையல் மிஷின். மிஷினின் வயிற்றில் பொத்தான் அளவுக்கு ஒரு தகட்டை ஒட்டியிருந்தாள். ஊசி குத்துவதை எல்லாம் அது கேட்டுப் பெட்டிக்குள் அனுப்பும். நான்காவது பெட்டிக்கு மட்டும் ஒரு மைக். அரங்கத்தில் கேட்பதைப் பிடித்துத் திரும்பத் திரும்பச் சொல்லுகிற கிளிப்பிள்ளைப் பெட்டி அது.

உஷ் ஆம்ப்ளிபயரைப் போட்டார். பங்காளி உடனே ஆஜர்: "ம்ம்ம்ம்."

அவள் கண்ணை மூடினாள். தலையை லேசாகச் சாய்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். சரியான இடம் வந்ததும் ஒவ்வொரு குமிழின் மேலும் தையல் கடைச் சாக்கட்டியால் கோடு போட்டாள்.

பின்வரிசைக்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தன் மிக்ஸர் மேஜையருகில் நின்று உஷ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. 'என் மேல உள்ள மரியாதைக்காக இந்தக் கருமத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கறாளே' என்று நினைத்தார். புருஷன்மார்கள் இப்படித்தான். பெண்டாட்டி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பார்கள்.

பதினொரு மணிக்கு அவள் கிளம்பினாள். "அண்ணனைக் கூட்டிக்கிட்டு மூணே முக்காலுக்கு வந்துடறேன். மேஜை மேல இருக்கற எதையும் தொட்டுடாதீங்க."

"விரல் நுனிகூடப் படாது, போய்ட்டு வா."

படவும் இல்லை. அவர் தொட்டது மேஜைக்குக் கீழே.

அவள் போனதும் காலி அரங்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். அவளுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். பூவா, துணியா? பூ வாடும், துணியை அவளே தைப்பாள். சவுண்டுக்காரன் கொடுக்கக்கூடியது ஒன்றுதான் உண்டு. முனகல் இல்லாத அரங்கம். இன்றைக்கு விட்டால் என்றைக்கு? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேடைக்கு அடியில் நுழைந்தார்.

ஐம்பத்தோரு வயதில் மேடைக்கு அடியில் தவழ்வது விளையாட்டல்ல. முழங்கால் தேய்ந்தது, தலை இரண்டு இடத்தில் இடித்தது, வாயெல்லாம் ஒட்டடை. ஒன்றரை மணிநேரம் கழித்து, கேண்டீன் சுவரை ஒட்டிய பலகை ஒன்றைத் தற்செயலாக அழுத்தினார். அது ஆடியது. கழற்றினார். உள்ளே, அவர் வேலைக்குச் சேரும் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் இழுத்துவிட்ட பழைய கறுப்புக் கேபிள். ஒரு முனை, மேடை மைக்குகளைச் சொருகுகிற இணைப்புப் பெட்டியில். இன்னொரு முனை கேண்டீன் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோடு முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு எர்த் இருந்தால் போதும், இரண்டு இருந்தால் மாமியார் மருமகள் கதைதான், முனகல் ஓயாது. இது சவுண்டுக்காரப் பிள்ளைகளுக்கு முதல் வருஷத்துப் பாடம்.

"அடப்பாவி! இங்கயா இருந்தே?"

இரண்டு முனையையும் கழற்றிவிட்டு ஓடிவந்து ஆம்ப்ளிபயரைப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை ஏற்றினார். ஒன்றுமில்லை. முழுக்க ஏற்றினார். மேடையில் ஒரு ஈ நடந்தால் கேட்கும், அப்படி ஒரு அமைதி. உஷ் மேடை விளிம்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். சந்தோஷத்தில்தான்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷக் கோபம். கேபிளை உருவி வெளியே போட்டு, கட்டிங் பிளேயரை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கினார். எண்ணிக்கொண்டே நறுக்கினார். முப்பத்தேழு துண்டு. வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டார். குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்து, விருந்தாளியை வழியனுப்புவது போலக் கையசைத்துவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். அறுபது பேர் போல வந்திருந்தார்கள். நூலக வகுப்புக்காரர்கள், கடை வாடிக்கையாளர்கள், இது என்னதான் என்று பார்க்க வந்தவர்கள். மச்சான் பின்வரிசையில், மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். காலில் வீட்டு ரப்பர் செருப்பு.

"முன்னாடி உக்காரலாமே மச்சான்?"

"வாசல் பக்கத்துல இருந்தா ஓடறதுக்கு வசதி" என்றார். பிறகு கையிலிருந்த நோட்டீஸைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "மாப்ள, உங்களைப் பத்திப் போட்டிருக்கா பாருங்க! 'இந்த அரங்கத்துக்குன்னு ஒரு முனகல் உண்டு. பத்தொன்பது வருஷமா என் வீட்டுக்காரர் அதை விரட்டிக்கிட்டு இருக்கார். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவர்றப்ப எல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு, அதுக்காகவே இந்த இசையை அமைச்சேன். என் பெட்டிகளுக்கு அதுதான் சுருதி. அது இல்லாம இது இல்ல.' பலே, பலே! முனகலுக்கெல்லாம் பாட்டா?"

காலையில் அவள் கண்ணை மூடிச் சிரித்தது எதற்கென்று அப்போதுதான் உஷ்ஷுக்குப் புரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால் அவள் ஏற்கெனவே மேடைக்கு வந்துவிட்டாள். கைதட்டல் எழுந்து அடங்கியது.

அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். முனகலுக்காகத்தான் காத்திருந்தாள். ஒரு விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடி. கண்ணைத் திறந்தாள். இடது ஸ்பீக்கரைப் பார்த்தாள், வலது ஸ்பீக்கரைப் பார்த்தாள். அப்புறம் அத்தனை தலைகளுக்கும் மேலாக நேரே அவரைப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் தாங்கியிருப்பார். 'மறுபடியுமா?' என்றது அந்தப் பார்வை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

வேறு வழியில்லாமல் அவள் முதல் பெட்டியைத் தொடங்கினாள். "ஊஊஊ." அவ்வளவுதான். அவளுடைய கணக்கு என்னவென்றால், அரங்கத்தின் "ம்ம்ம்"மும் பெட்டியின் "ஊஊஊ"வும் கிட்டத்தட்ட ஒரே சுருதி உயரத்தில் உரசினால், இரண்டுக்கும் நடுவில் "வவ்வவ்வவ்" என்று ஒரு துடிப்பு பிறக்கும். ஒவ்வொரு பெட்டியாகச் சேரச் சேரத் துடிப்போடு துடிப்பு பின்னும். உரசுவதற்கு ஆள் இல்லாமல் "ஊஊஊ" தனியாக நின்றது. முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

"இவ்வளவுதானா?" என்றார் மச்சான்.

உஷ் மூளையைப் போட்டுக் கசக்கினார். கேபிள் குப்பை வண்டியில். பிரிட்ஜைத் தூக்கி வர முடியாது. இரைச்சல் வேண்டும், அதுவும் இந்தக் கட்டிடத்துக் கரண்டின் இரைச்சல், அதே உயரத்தில், இப்போதே! வாழ்நாள் முழுக்க இரைச்சலை விரட்டினவனுக்கு அது எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாதா என்ன? தெரிந்தது. தன் கையைப் பார்த்தார்.

யார் மேடை ஏறினாலும் அவர் கத்துகிற கத்தல் ஒன்று உண்டு: "கேபிள் முனையை விரலால தொடாதே! உன் உடம்பு இரையும்!" மனுஷ உடம்பு சுவரில் ஓடுகிற கரண்டின் முனகலைக் காற்றிலிருந்தே வாங்கிவைத்திருக்கும். சும்மா இருக்கும்போது தெரியாது. மைக் கேபிளின் முனையில் விரலை வைத்தால் போதும், ஸ்பீக்கர் அதைப் போட்டுக் கொடுத்துவிடும். ஆபத்தில்லை, அசிங்கம், அவ்வளவுதான்.

உபரிக் கேபிள் ஒன்றை மிக்ஸரில் சொருகினார். மறுமுனையின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். மறு கையால் வால்யூமைத் தள்ளினார்.

"ம்ம்ம்ம்ம்ம்ம்."

அரங்கம் முழுக்க. பங்காளியேதான், அச்சு அசல். மேடையில் அவள் நிமிர்ந்தாள். "ஊஊஊ" போய் "ம்ம்ம்"மில் முட்ட, நடுவில் அந்தத் துடிப்பு பிறந்தது. வவ், வவ், வவ். நாற்காலிக் கைப்பிடிகளில் அதிர்ந்தது, தரையில் அதிர்ந்தது. இருமினவர் இருமலை நிறுத்திவிட்டார்.

அவள் இரண்டாவது பெட்டியைச் சேர்த்தாள். தையல் மிஷினின் காலடிப் பலகையை மெல்ல அழுத்தினாள். ஒரு வெள்ளைத் துணியில் ஊசி குத்திக் குத்தி நடக்க, ஒவ்வொரு குத்தும் பெட்டிக்குள் போய்ப் பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. உஷ் அசையாமல் நின்றார். மேஜையின் இரும்பு விளிம்பில் இடது கை பட்டபோது முனகல் மெலிந்தது. அவள் சட்டென்று பார்த்தாள். கையை எடுத்தார், முனகல் பெருத்தது. அவள் தலையாட்டினாள். 'அப்படியே செய்ங்க' என்ற தலையாட்டல். கடையில் துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும்போது ஆட்டுகிற அதே ஆட்டல். அவர் விளிம்பைத் தொட்டார், விட்டார், தொட்டார், விட்டார். முனகல் மூச்சு வாங்கியது.

இந்த நேரத்தில்தான் மச்சான் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை ஒயரைக் கையில் பிடித்தபடி விறைத்து நிற்கிறார். கண் நிலைகுத்தி இருக்கிறது, நெற்றியில் வியர்வை, அரங்கமே "ம்ம்ம்" என்கிறது. பஸ் டிப்போவில் வருஷா வருஷம் முதலுதவி வகுப்புக்குப் போகிற ஆள் வேறு என்ன நினைப்பார்?

"ஐயையோ! கரண்டு புடிச்சிருச்சு!"

கத்திக்கொண்டே ரப்பர் செருப்பைக் கழற்றி, பாய்ந்து வந்து, மாப்பிள்ளையின் முழங்கையில் ஓங்கி ஒரு போடு போட்டார். கேபிள் விரல் நுனியிலிருந்து நழுவி மறுபடி பட்டதில் ஸ்பீக்கர்கள் "டொம்ம்!" என்று அதிர்ந்தன. அறுபது பேரும் ஒரு அடி எழும்பி உட்கார்ந்தார்கள்.

உஷ் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "உஷ்ஷ்ஷ்" என்றார்.

மேடையில் கிளிப்பிள்ளைப் பெட்டி விழித்திருந்தது. அது எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. "ஐயையோ... டொம்... உஷ்ஷ்ஷ்." மறுபடி, "ஐயையோ... டொம்... உஷ்ஷ்ஷ்." அவள் ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டினாள். "ஐயை டொம் உஷ், ஐயை டொம் உஷ், ஐயை டொம் உஷ்." கைதட்டித் தாளம் போட இடமில்லாத இசையில் தாளம் வந்து குதித்தது. மூன்றாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பையும் பெட்டி பிடித்தது. இரண்டு நிமிஷத்தில் அரங்கமே சிரிப்பும் தாளமுமாகப் பொங்கியது. தையல் கடை வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியில் குதித்துக் குதித்துத் தலையாட்டினார்.

"சாகலையா நீங்க?" என்று மச்சான் காதோரம் கேட்டு, நிச்சயம் பண்ணிக்கொள்ள மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார். இரண்டு உடம்பு சேர்ந்ததும் முனகல் இரண்டு மடங்காகியது. மேடையிலிருந்து கை நீண்டது. 'அண்ணே, எடுக்காதே, அப்படியே நில்லு!' ஓடுவதற்கு வசதி பார்த்து உட்கார்ந்த மச்சான், ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாகப் பத்து நிமிஷம் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் முறைத்தார். பிறகு அவருடைய செருப்பில்லாத கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.

இப்போது நான்கு பெட்டிகளும் சேர்ந்திருந்தன. தாளம் மெல்லத் தேய்ந்து, கீழே துடிப்புக்குள் துடிப்பாகப் பின்னிப் பின்னி, மிஷின் ஓசை ஏறி, முனகலின் உயரத்தைத் தொட்டு, அதனோடு ஒன்றாகக் கலந்தது. உஷ்ஷின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நேரமாகக் காது எதையும் தேடவில்லையே? எங்கே கரகரப்பு, எங்கே இழுப்பு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே? சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழகாக இருந்தது. இரண்டு வருஷமாக இதையா ஹெட்போனுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்?

அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மிஷின் நின்றது. அவருடைய "ம்ம்ம்" மட்டும் மிச்சம். அவள் மேஜையை விட்டு முன்னால் வந்து, அவரைப் பார்த்து, கையை மெதுவாகத் தாழ்த்தினாள். மச்சான் தோளிலிருந்து கையை எடுத்தார். உஷ் இரும்பு விளிம்பைத் தொட்டார், முனகல் மெலிந்தது. வால்யூமை இறக்கிக்கொண்டே வந்து, விரலை எடுத்தார்.

அமைதி. பத்தொன்பது வருஷமாக அந்த அரங்கத்தில் யாருமே கேட்டிராத அமைதி. அவள் எழுதியிருந்த இசையில் இது கிடையாது. முனகல் என்றைக்கும் நிற்காது என்று நம்பியல்லவா எழுதியிருந்தாள்? அறுபது பேர் மூச்சுவிடுவது அவளுக்கு மேடைவரை கேட்டது. யாரும் இருமவில்லை. உஷ் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காலையில் சிரித்த அதே சிரிப்பை அவள் சிரித்தாள். அப்புறம்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

எல்லோரும் போனபிறகு அவர் மேடைக்குப் போனார். தப்புச் செய்த பையன் போல நின்றார்.

"கேபிளை வெட்டிட்டேன்."

"தெரியுது. எத்தனை துண்டு?"

"முப்பத்தேழு."

"எண்ணினீங்களா!" அவள் சிரித்துவிட்டாள். "முதல் நிமிஷத்துல மேடையை விட்டு இறங்கி வந்து உங்க காதைத் திருகலாம்னுதான் இருந்தேன். எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"மேஜை மேல இருக்கறதைத்தானே சொன்னே?"

"வாய் மட்டும் நல்லாப் பேசுங்க." குமிழ்களின் மேலிருந்த சாக்கட்டிக் கோடுகளைத் துடைத்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே, சின்னக் குரலில் கேட்டாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் தவித்துப்போனார். குறை சொல்ல அவரிடம் நூறு வார்த்தை இருந்தது, நல்லதைச் சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். "ஒரு இடத்துலகூட ரிப்பேர் பண்ணத் தோணல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மேஜைமேல் சுருட்டிவைத்திருந்த ஹெட்போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இனிமே இது வீட்டுக்கு வேண்டாம். இங்கயே வெச்சுக்கோங்க."

அப்போது கேண்டீன் பக்கமிருந்து மச்சான் வந்தார், கையில் ஆவி பறக்கும் காபி. "அடுத்த மாசமும் இதே நிகழ்ச்சி வேணுமாம், மேனேஜரம்மா சொல்றாங்க. என் 'ஐயையோ' கண்டிப்பா வேணுமாம்!" என்று அறிவித்துவிட்டு, முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து காபியை உறிஞ்சினார். "ஸ்ஸ்ஸ்ர்ர்ர்ர்ப்." அந்தச் சுத்தமான அமைதியில் அது மூலைமுடுக்கெல்லாம் போய்த் திரும்பி வந்தது.

மச்சான் சட்டென்று நிறுத்தினார். டம்ளருக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சூப் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. "சரி சரி, வெளிய போய்க் குடிக்கறேன்" என்று எழுந்தார்.

உஷ் வாயைத் திறந்தார், ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. மேடையிலிருந்த மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வந்து, மச்சானின் டம்ளருக்கு நேரே வைத்து, உயரத்தைச் சரிபார்த்தார். மேஜையில் கிளிப்பிள்ளைப் பெட்டியின் குமிழை அவள் ஏற்கெனவே திருகத் தொடங்கியிருந்தாள்.

"உக்காருங்க மச்சான்" என்றார் உஷ். "இன்னொரு வாய் குடிங்க. கொஞ்சம் சத்தமா."